பத்து மணிக்காரி

மதினி,

இன்று காலையில் மாத்திரை டப்பாவைத் திறந்தபோது காடி வாடை அடித்தது. ஆஸ்பிரின் நாள்பட்டால் அப்படித்தான் புளிக்கும், புளித்தால் தூரப் போட்டுவிட வேண்டும் என்று கம்பவுண்டர் சொல்லியிருக்கிறார். நீங்க இருந்திருந்தால் "புளிச்சாத்தானே சத்து, போட்டுக்கோ" என்று சொல்லியிருப்பீங்க. மாத்திரையைத் தூரப் போட்டேன். டப்பாவின் அடியில் துணியில் சுற்றிக் கிடக்கிற உங்கள் ஒத்தைக் காதுத் தண்டட்டியை எடுத்துப் பார்த்தேன். அதிலும் அந்த வாடை ஏறியிருக்கிறது.

டப்பாவைத் திறந்ததே அதற்காகத்தான். நம் பேத்தி சடங்காகிவிட்டாள். அவளுக்குக் கம்மல் செய்ய வேண்டுமாம். உங்கள் தண்டட்டி இரண்டையும் உருக்கிவிடலாம் என்று என் மருமகள் முடிவு செய்து, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், ஆசாரியை வரச் சொல்லிவிட்டாள். அவன் எட்டு மணிக்கே வாசலில் வந்து நின்றான். "பத்து மணிக்கு மேல வரச் சொல்லு. டப்பா மூடி இப்ப என் கைக்கு வராது" என்றேன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். உங்கள் சொல் என் வாயில் வந்திருக்கிறது. அதனால்தான் இந்தக் கடுதாசி. மூணாம் வகுப்புப் படித்த கையெழுத்து, பென்சிலில் கந்தலைச் சுற்றித் தடியாக்கிப் பிடித்து எழுதுகிறேன். கோணல் இருந்தால் பொறுத்துக்கோங்க. மற்றதை நான் பொறுக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

நயா பைசா வந்த வருஷம்தான் எனக்கு இந்த நோவும் வந்தது. விஸ்வநத்தம் பக்கம் வெடிக் கம்பெனியில் நானும் நீங்களும் சரம் பின்னிக்கொண்டிருந்தோம். சின்ன வெடிகளின் திரியை எதிரும் புதிருமாக வைத்து நூலைக் கொடுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டே போக வேண்டும். கண் எங்கே இருந்தாலும் விரல் போய்க்கொண்டே இருக்கும். அந்தக் கொட்டகையில் என் சரம்தான் சீவி முடிந்த சடை மாதிரி இருக்கும். பெருமைக்குச் சொல்லவில்லை. பக்கத்தில் உட்காரும் பேச்சியம்மாளுடைய சரத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ஒரு நாள் விடியக்காலம் எழுந்தால் கை இரண்டும் என் கையாக இல்லை. மாவு பிசைந்து காயவைத்த மாதிரி விறைத்துக் கிடந்தது. விரல் கணுவெல்லாம் வீங்கிப் பளபளவென்று இருந்தது. ஏதோ பூச்சி கடித்திருக்கும் என்றார் உங்கள் தம்பி. அச்சாபீஸில் லேபிள் அடிக்கிற மனுஷர், அவருக்கு அச்செழுத்து ஒடிந்தால் தெரியும், பெண்டாட்டி கை ஒடிந்தால் தெரியாது. மறுநாளும் அப்படி. அதற்கு மறுநாளும். செம்பைத் தூக்க முடியவில்லை, வாளிக்கயிற்றைப் பிடிக்க முடியவில்லை, ரவிக்கை ஊக்கு மாட்ட முடியவில்லை. தாலி அறுத்துத் தம்பி வீட்டோடு வந்திருந்த நீங்கதான் தினமும் எனக்கு ஊக்கு மாட்டிவிட்டீங்க. ரவிக்கையே போடாத மனுஷி நீங்க. "இம்புட்டு ஊக்கு எதுக்கு? இது என்ன கோட்டைக் கதவா?" என்று வைதுகொண்டே மாட்டுவீங்க.

ஆனால் பொழுது ஏற ஏறக் கை இளகும். கம்பெனியில் பத்து மணிக்கு டீக்கு மணி அடிப்பார்கள். சரியாக அந்த நேரத்துக்கு விரல் மடங்க ஆரம்பிக்கும். டீ கிளாஸைப் பிடித்துக் குடிப்பேன், அதற்குப் பிறகு சரமும் பின்னுவேன். நோவு இருக்கும், ஆனால் விரல் சொன்னபடி கேட்கும். இது எனக்கே புரியாத மாயம். பார்க்கிறவர்களுக்கு என்ன புரியும்? ஏழு மணிக்குக் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவள், டீ வந்ததும் கையை நீட்டுகிறாள்.

ஒரு நாள் போர்மேன் வந்து, இவள் ஏன் சும்மா உட்கார்ந்திருக்கிறாள் என்று கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் நீங்க சொன்னீங்க.

"அவ பத்து மணிக்காரி. டீ வந்தாத்தான் கை நீளும்."

பேச்சியம்மாள்தான் முதலில் சிரித்தாள். பிறகு கொட்டகையே சிரித்தது. அந்த வாரமே போர்மேன் என்னைச் சரத்தில் இருந்து எடுத்து, களத்தில் வெயிலில் காய்கிற காகிதக் குழாய்களைக் கிளறிவிடுகிற வேலைக்குப் போட்டான். கிழவிகளும் பிள்ளை பெற்று மூணு மாசம் ஆகாதவர்களும் செய்கிற வேலை. போகிறவள் வருகிறவள் எல்லாம் "என்ன பத்து மணி, மணி ஆச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்கள். போர்மேன் மகள் கல்யாணத்துக்குக் கம்பெனியே போனது, நான் போகவில்லை. சாம்பார் நன்றாக இல்லையாம். கேட்டுச் சந்தோஷப்பட்டேன்.

போர்மேனை விடுங்க, அவன் அயலான். நீங்க காலையில் என் விரலைத் தொட்டு ஊக்கு மாட்டிவிட்டவங்க. வீக்கத்தைக் கண்ணால் பார்த்தவங்க. அந்தச் சொல் உங்கள் வாயில் இருந்து வந்திருக்கக் கூடாது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து உங்களோடு பேசவில்லை. எட்டு மாசம் பேசவில்லை. ஊக்குக்கு மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு முன்னால் வந்து நிற்பேன். நீங்களும் பேசாமல் மாட்டிவிடுவீங்க. வாயில் சண்டை, ஊக்கில் சமாதானம். இப்படி ஒரு வீடு எங்கே உண்டு?

மதுரைக்குப் போனதும் உங்கள் பிடிவாதத்தால்தான். எண்ணெய் போட்டாச்சு, தவிட்டு ஒத்தடம் கொடுத்தாச்சு, மந்திரித்த கயிறு கட்டியாச்சு, ஒன்றும் கேட்கவில்லை. மதுரையில் வாதத்துக்கென்றே பார்க்கிற டாக்டர் ஒருத்தர் இருக்கிறார் என்று யாரோ சொன்னார்கள். உங்கள் தம்பிக்கு லீவு இல்லை, காலண்டர் சீசன். "நான் கூட்டிட்டுப் போறேன். நோவா நடிப்பான்னு டாக்டர் வாயாலேயே கேட்டுட்டு வாறேன்" என்று சொன்னீங்க. என்னிடம் இல்லை, சுவரிடம். பேச்சு இல்லையே நமக்கு.

முதல் பஸ். என் கை விறைத்துக் கிடக்கிற நேரம். கம்பியைப் பிடித்து ஏற முடியாமல் நான் படியில் நிற்க, நீங்க பின்னால் இருந்து மூட்டையைத் தள்ளுகிற மாதிரி என்னைத் தள்ளினீங்க. விருதுநகரில் பஸ் மாறும்போது மறுபடியும் ஒரு தள்ளு. மதுரையில் போய் இறங்கி, வரிசையில் உட்கார்ந்து, நம்மைக் கூப்பிடும்போது பத்தரை மணி தாண்டிவிட்டது. கையில் வீக்கம் இருந்தது, ஆனால் விரல் மடங்கியது. இந்த நோவு என்னைக் காட்டிக்கொடுக்கிறதே என்று நினைத்தேன். உங்கள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

டாக்டர் என்னிடம் ஒன்றும் கேட்பதற்குள் நீங்க ஆரம்பிச்சீங்க. "அய்யா, இவளுக்கு விடியக்காலத்துல மட்டுந்தான் நோவும். பத்து மணி ஆச்சுன்னா நம்மளை மாதிரி ஆயிருவா. பாருங்க, இப்ப எப்படி மடக்குறான்னு. இது என்ன நோவுன்னு நீங்கதான் சொல்லணும்."

டாக்டர் பேனாவை எடுத்தார். தினமும் பத்து மணியா என்று கேட்டார். தினமும்தான் என்றீங்க. எழுந்ததில் இருந்து மூணு மணி நேரம் இறுக்கமாக இருக்குமா என்று கேட்டார். நாலு மணி நேரம் என்று திருத்தினீங்க. எந்தக் கணு வீங்குகிறது, இரண்டு கையிலும் ஒரே மாதிரியா, எத்தனை மாசம் என்று அவர் கேட்கக் கேட்க நீங்கதான் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னீங்க. நான் ஊமை மாதிரி உட்கார்ந்திருந்தேன். ஊக்கு மாட்டினபோது ஒன்றையும் பார்க்காத மாதிரி இருந்தவங்க, அம்புட்டையும் பார்த்து வைத்திருந்தீங்க.

எல்லாம் எழுதி முடித்துவிட்டு அவர் சொன்னார்: "அம்மா, வர்றவங்க கை வலிக்குது கால் வலிக்குதுன்னுதான் சொல்வாங்க. இவ்வளவு சரியா நேரத்தோட சொன்னது நீங்க ஒருத்தர்தான். காலையில இறுகும், பொழுது ஏறினா விடும். முடக்குவாதத்தோட அடையாளமே அதுதான்."

நீங்க வாயை மூடிக்கொண்டீங்க. நான் பார்த்து உங்கள் வாய் மூடியது அன்றைக்கு ஒரு தரம்தான். திருமங்கலம் வரைக்கும் மூடியே இருந்தது. இப்போது சொல்லப்போகிறாங்க, தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று ஒரு வார்த்தை வரப்போகிறது என்று காத்துக்கொண்டே வந்தேன். பஸ்ஸில் முறுக்கு விற்றவனிடம் வாங்கி, என் கைக்கு வசதியாக ஒடித்துக் கொடுத்தீங்க. கொடுத்துவிட்டுச் சொன்னீங்க: "கேட்டியா? நாந்தான் முதல்ல கண்டுபிடிச்சேன்."

என்ன செய்ய மதினி, எட்டு மாசத்துப் பேச்சு அங்கே திறந்துகொண்டது. விருதுநகர் வரைக்கும் உங்களை வைதுகொண்டே வந்தேன். முறுக்கையும் தின்றேன்.

மறுநாள் காலையில் கம்பெனிக்குப் போனதும் போர்மேன் முன்னால் போய் நின்றீங்க. "நான் சும்மா சொல்லலய்யா, இவ பத்து மணிக்காரிதான். மதுரை டாக்டரே எழுதிட்டாரு. பத்து வரைக்கும் களத்துல நிக்கட்டும். பத்துக்கு மேல சரம் குடுங்க."

சீசனில் இதெல்லாம் ஆகாது என்றான் அவன்.

"சீசன்னு நோவுக்குத் தெரியுமா? தெரியும்னா நீங்களே அதுகிட்டச் சொல்லிப் பாருங்க. கேட்டா எங்களுக்கும் நல்லதுதான்."

அவனால் சிரிக்காமல் இருக்க முடியவில்லை. பத்து மணிக்கு மேல் எனக்குச் சரம் வந்தது. என்னைக் கேலி செய்த பேரையே எனக்குச் சீட்டாக எழுதிக் கொடுத்துவிட்டீங்க. அந்தப் பேரை மட்டும் கீழே இறக்கவில்லை.

டாக்டர் கொடுத்த ஆஸ்பிரின் இருக்கிறதே, அது தனிக் கூத்து. வெறும் வயிற்றில் போடக்கூடாது, கஞ்சி குடித்துவிட்டுத்தான் போட வேண்டும். போட்டால் வயிறு எரியும், காதுக்குள் ஙொய்யென்று மணி அடிக்கும். முதல் நாள் கம்பெனி மணி என்று நினைத்துச் சோற்றுப் பானையை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். "உனக்குக் காதுல மணி அடிக்கும்போது எனக்கும் சொல்லு. பத்து ஆயிருச்சான்னு நானும் தெரிஞ்சுக்கிறேன்" என்றீங்க. காது மணி அடித்தால் ஒரு மாத்திரையைக் குறைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னது உங்களுக்குத்தான் நினைவிருந்தது. மணி அடிக்குதா, அடிக்குதா என்று மூணு வேளையும் கேட்பீங்க.

ஆறு மாசம் போனது. வீக்கம் வற்றுவதும் ஊறுவதுமாக இருந்தது. இடது கையில் இரண்டு விரல் பக்கவாட்டில் சாய ஆரம்பித்தது. டாக்டர் பார்த்துவிட்டு, மாத்திரை மட்டும் போதாது, அடுத்த வாரத்தில் இருந்து தங்க ஊசி போடுவோம் என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. நாமும் கேட்கவில்லை. ஆனால் வெளியே வந்ததும் நீங்க கேட்டீங்க.

"எம்புட்டுத் தங்கம்னு கேட்டியா?"

"கேக்கல."

"கேக்க மாட்டே."

என் கழுத்தில் தாலியில் கோத்த குண்டுமணி தவிரத் தங்கம் கிடையாது. எங்கள் ஆத்தா எனக்குக் காது வளர்க்கவில்லை, அதனால் தண்டட்டியும் இல்லை. உங்களுக்குத்தான் தோள் வரைக்கும் தொங்கின காதும், அதில் ஆடுகிற தண்டட்டியும். உங்கள் வீட்டுக்காரர் செத்தபோது எல்லாவற்றையும் கழற்றினவங்க, இதை மட்டும் கழற்ற விடவில்லை. எங்கள் அய்யா போட்டது, இதைத் தொட எவனுக்கும் வேலை இல்லை என்று சொன்னீங்களாம். அதை நீங்க குளிக்கும்போதுகூடக் கழற்றி நான் பார்த்ததில்லை.

அடுத்த வாரம் டாக்டர் மேசைக்கு முன்னால் நீங்க முந்தானை முடிச்சை அவிழ்த்தபோது, பஸ்ஸுக்குச் சில்லறை என்றுதான் நினைத்தேன். இடது காதுத் தண்டட்டியை எடுத்து மேசையில் வைத்தீங்க. அப்போதுதான் நான் உங்கள் காதைப் பார்த்தேன். வழியெல்லாம் முக்காடு போட்டுக்கொண்டு வந்த காரணம் புரிந்தது.

"இதை உருக்கிக்கோங்க அய்யா. உள்ள அரக்கு இருக்கும். அதை எடுத்துட்டு உருக்கச் சொல்லுங்க, அரக்கு இவ ஒடம்புக்கு ஆகாது. பத்தலைன்னா மத்ததும் இருக்கு."

நர்ஸம்மா வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார். டாக்டர் சிரிக்கவில்லை. தண்டட்டியை எடுத்து உங்கள் பக்கம் நகர்த்தி வைத்தார். பிறகு சுண்டுவிரல் உயரக் கண்ணாடிக் குப்பி ஒன்றை எடுத்துக் காட்டி, தங்கம் இதற்குள்ளேயே கரைந்து இருக்கிறது, நகை வேண்டாம் அம்மா என்றார். நீங்க குப்பியை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தீங்க. "இம்புட்டுத்தானா?" என்றீங்க. "இதுவும் எவளோ ஒருத்தி காதுல கெடந்ததாத்தான் இருக்கும்" என்று என் பக்கம் திரும்பிச் சொன்னீங்க. அந்த நினைப்பைக் கடைசிவரைக்கும் யாராலும் மாற்ற முடியவில்லை.

திரும்பி வரும்போது மாட்டிக்கோங்க என்று கெஞ்சினேன். மருந்துக்கென்று கழற்றியதைத் திரும்ப மாட்டினால் நோவும் திரும்ப வந்துவிடும் என்று ஒரே பிடியாகச் சொல்லிவிட்டீங்க. இப்படி ஒரு சாத்திரத்தை நான் எங்கேயும் கேட்டதில்லை, அன்றைக்கு பஸ்ஸில் நீங்களே கட்டினது. தண்டட்டி என் மாத்திரை டப்பாவுக்கு வந்தது. நீங்க ஒத்தைக் காதோடு திரிந்தீங்க, ஒரு வருஷம் இரண்டு வருஷம் இல்லை, கட்டையில் போகும்வரைக்கும். கம்பெனியிலும் கல்யாண வீட்டிலும் மத்தது எங்கே என்று கேட்காத ஆள் இல்லை. எல்லோருக்கும் ஒரே பதில்தான் வைத்திருந்தீங்க.

"அது எந்தம்பி பொண்டாட்டி ஒடம்புல ஓடுது."

வாரம் ஒரு ஊசி. போகும்போதெல்லாம் குப்பியில் மூத்திரம் கொண்டுபோக வேண்டும், தங்கம் சிறுநீரகத்தைக் கெடுக்கிறதா என்று பார்ப்பார்கள். அதைப் பையில் வைத்து மடியில் பிடித்துக்கொண்டு நான் பஸ்ஸில் கூனிக் குறுகி உட்கார்ந்திருப்பேன். பக்கத்தில் இருந்த அம்மா ஒருத்தி அது என்ன, நல்லெண்ணெயா என்று கேட்டாள். "ஆமா, வீட்டுச் செக்குல ஆட்டினது" என்று நீங்க சொன்னதில், பஸ் குலுங்கினதைவிட நாம் குலுங்கினதுதான் அதிகம். வாயில் செம்புக்காசைச் சப்பின மாதிரி ருசி வந்தது, மேலெல்லாம் ஊறல் எடுத்து அரித்தது. ஊறல் அதிகமானபோது ஊசியைக் கொஞ்ச நாள் நிறுத்தி, மறுபடி ஆரம்பித்தார். அஞ்சு மாசம் ஒன்றும் தெரியவில்லை. தங்கம் வீணாகிறதே என்று எனக்குத்தான் பதைப்பு. "தங்கம் மெதுவாத்தான் வேலை செய்யும், அது என்ன பித்தளையா?" என்றீங்க.

ஒரு நாள் காலையில் கதவடியில் வெயில்கூட வரவில்லை, எழுந்து பார்க்கிறேன், விரல் மடங்குகிறது. முழுசாக இல்லை, முக்கால்வாசி. நீங்க வாசல் தெளித்துவிட்டு வருவதற்குள் ரவிக்கையைப் போட்டு, மேல் ஊக்கில் இருந்து கீழ் ஊக்கு வரைக்கும் நானே மாட்டிவிட்டேன். வேர்த்துக் கொட்டியது. நீங்க உள்ளே வந்தீங்க, கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் வந்து நின்று பார்த்தீங்க. கடைசி ஊக்கை மட்டும் அவிழ்த்து மறுபடி மாட்டினீங்க.

"கோணலா இருக்கு" என்றீங்க.

அது கோணலாக இல்லை மதினி. எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

இப்போது ஊசி இல்லை. ஊறல் தாங்காமல் நிறுத்தியாச்சு, மாத்திரைதான். நோவு போய்விடவில்லை. மழைக்கு முந்தின நாள் முழங்கால் எனக்குச் சொல்லிவிடும். சாய்ந்த விரல் இரண்டும் சாய்ந்தே இருக்கிறது. ஆனால் நோவுக்கு இப்போது கொஞ்சம் மரியாதை தெரிகிறது. முன்னால் பத்து மணி என்றால் இப்போது எட்டரை, ஒன்பது. சும்மா இருக்கிற நாளில் எட்டேகூட. போன ஐப்பசியில் நீங்க படுக்கையில் கிடந்தபோது விடியக்காலத்தில் உங்களுக்குத் தலை வாரிவிட்டது இந்தக் கைதான். சிக்கு எடுக்கும்போது வலிக்கிறது என்று சிணுங்கினீங்க. "பொறுங்க, பத்து மணி ஆகட்டும், பூப்போல எடுப்பேன்" என்றேன். சிரிச்சீங்க. அப்போதாவது அந்தச் சொல்லைத் திருப்பி எடுத்துக்கொள்வீங்க என்று சீப்போடு காத்திருந்தேன். சீப்பில் பேன் இருக்கா பாரு என்று சொன்னீங்க.

ஆசாரி இன்றைக்குப் பத்து மணிக்கு மேல் வந்தான். உங்கள் வலது காதில் இருந்து நாங்கள் கடைசியாகக் கழற்றினதை எடுத்து அவன் கையில் கொடுத்தேன். பேத்திக்கு அது போதும், சின்னக் கம்மலாகப் போடட்டும். ஒத்தையை வைத்து என்ன செய்ய, ஜோடியைக் கொடுங்க ஆத்தா, கம்மல் பெரிசாக வரும் என்றான். மருமகளும் பின்பாட்டுப் பாடினாள். மத்தது நகை இல்லை, அது மருந்து என்றேன்.

"ஊசிக்கு உருக்கக் குடுத்ததைக் கம்மலுக்கு உருக்க மாட்டேன்."

அவன் சிரித்துவிட்டு, ஒத்தையை எடை போட்டுக்கொண்டு போனான். எட்டு மணிக்கு நான் அவனைத் திருப்பி அனுப்பினது என்னத்துக்கு என்று மருமகள் கேட்டாள். மூடி இறுகியிருந்தது என்று காலையில் சொன்னதையே சொல்லியிருக்கலாம். "நான் பத்து மணிக்காரி" என்று சொன்னேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. புரிய வைக்கிற எண்ணமும் எனக்கு இல்லை.

தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று நீங்க சொல்லவே இல்லை. அந்தக் கோபம் அப்படியே இருக்கிறது, புளிக்கவில்லை. புது மாத்திரை வாங்கி டப்பாவில் போட்டு, அடியில் உங்கள் தண்டட்டியையும் வைத்து மூடியிருக்கிறேன். அவசரத்தில் இன்று கடைசி ஊக்கு நிஜமாகவே கோணலாக மாட்டிக்கொண்டது. சரியாக்கக் கை வரும்தான், மணி பதினொன்று தாண்டிவிட்டது. அப்படியே விட்டிருக்கிறேன்.